பல்கலைக்கழக மாணவர்களுக்கு அயல்மொழி: வகுப்பில் விளையாட்டு உண்மையிலேயே பயன்படுகிறதா?

காகிதக்கப்பல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இளங்கலை முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களுக்குப் பிரெஞ்சு எடுக்கிறேன். வகுப்புக்கு நாற்பது பேர், ஐம்பது நிமிடம். இந்த செமஸ்டரில் வாரம் ஒருமுறை கஹூட் என்ற இணைய வினாடி வினாச் செயலியில் வினாடி வினா நடத்தி வருகிறேன். வகுப்பு கலகலப்பாகத்தான் இருக்கிறது, வருகையும் கூடியிருக்கிறது. ஆனால் வாய்மொழித் தேர்வுக்கு உட்கார வைத்தால் பழைய கதைதான். "நேற்று என்ன செய்தாய்?" என்று கேட்டால் வினைச்சொல்லின் மூல வடிவத்தைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்கள். இத்தனைக்கும் இறந்தகாலக் கேள்விகளுக்கு நாலு விடைகளில் சரியானதைப் பார்த்த மாத்திரத்தில் அமுக்குகிறவர்கள் இவர்கள்தான்.

போதாததற்குத் துறையில் மூத்தவர் ஒருவர், "பதினெட்டு வயசுப் பிள்ளைகளை நர்சரி ஆக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

விளையாட்டை விட்டுவிடுவதா, வேறு விளையாட்டுக்கு மாறுவதா? கல்லூரி வயதுப் பிள்ளைகளை வைத்து நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். செயலி விளம்பரம் வேண்டாம்.

---

பகடைக்காய்

கஹூட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நீங்கள் அதனிடம் கேட்டது அதன் வேலையே இல்லை. நாலில் ஒன்றை அடையாளம் காண்பது ஒரு திறன். எதிரே விடைகள் இல்லாமல் வாக்கியத்தை நாமே கட்டுவது இன்னொரு திறன். முதலாவதை எவ்வளவு பழகினாலும் இரண்டாவது தானாக வந்து சேராது. மொழிக் கற்றல் ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் எழுதியதன் சாரமும் ஏறக்குறைய இதுதான். கனடாவில் பிரெஞ்சு வழியிலேயே வருடக்கணக்கில் பாடம் படித்த பிள்ளைகள், கேட்டுப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும் பிழைகள் நீங்கவில்லை. வாக்கியத்தைத் தாங்களே உருவாக்கியாக வேண்டிய நெருக்கடி அவர்களுக்குப் போதவில்லை என்றார்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் நைஜல் ரிச்சர்ட்ஸைப் பாருங்கள். நியூசிலாந்துக்காரர். 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார், ஆனால் பிரெஞ்சு பேச வராது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஜெயித்தார். 2024இல் ஸ்பானிஷிலும் அதையே செய்தார். ஸ்கிராபிளுக்கு வேண்டியது எழுத்துகளின் வரிசை, பொருள் அல்ல.

அதனால் எந்த விளையாட்டை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மாணவன் வாயைத் திறக்காமலே இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அது சொல் பயிற்சியாக இருக்கலாம், பேச்சுப் பயிற்சி ஆகாது.

உங்கள் இறந்தகாலச் சிக்கலுக்கென்றே ஒரு பழைய ஆட்டம் இருக்கிறது, அலிபி. மொழி ஆசிரியர்களிடையே ரொம்ப காலமாகப் புழங்குவதுதான். நேற்று மாலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே ஒரு திருட்டு. இரண்டு பேர் மேல் சந்தேகம். "நாங்கள் அந்த நேரம் முழுக்கச் சேர்ந்தே இருந்தோம்" என்று சொல்லப்போகிறார்கள். வெளியே போய் ஐந்து நிமிடத்தில் ஒரே கதையைப் பேசி வைத்துக்கொண்டு வர வேண்டும். அதற்குள் மற்றவர்கள், அதாவது போலீஸ், கேள்விகளைத் தயார் செய்வார்கள். பிறகு முதல் ஆளை மட்டும் உள்ளே அழைத்து விசாரணை, அடுத்து இரண்டாமவர். இரண்டு வாக்குமூலத்திலும் மூன்று முரண்பாடு கிடைத்தால் குற்றவாளி.

பிரெஞ்சுக்கு இது அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தும். "எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், யார் டிக்கெட் வாங்கியது, அப்புறம் எங்கே போனீர்கள்" எல்லாம் பாஸே கொம்போஸே, அதாவது நடந்து முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலம். "மழை பெய்துகொண்டிருந்ததா, அவன் என்ன நிறத்தில் சட்டை போட்டிருந்தான், கடையில் கூட்டம் இருந்ததா" எல்லாம் அம்பார்ஃபே, பின்னணியைச் சொல்லும் இறந்தகாலம். சந்தேக நபர்கள் நடந்ததைத்தான் ஒத்திகை பார்த்திருப்பார்கள், பின்னணியை விட்டுவிடுவார்கள். போலீசுக்கு இது சீக்கிரமே புரிந்துவிடும். அடுத்த சுற்றில் சட்டை நிறம், மேசை எந்தப் பக்கம், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அம்பார்ஃபே கேள்விகளாகவே விழும். கரும்பலகையில் எழுதிப் புரியவைக்கத் திணறும் வித்தியாசத்தை, ஜெயிக்க வேண்டுமே என்பதற்காக அவர்களே கையாளத் தொடங்குவார்கள்.

---

மூன்றாம்வரிசை

நான் ஆசிரியை இல்லை, மாணவி. ஜெர்மன், பி1 (நடுத்தர நிலை) முடிக்கப்போறேன். வரிசைக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் ஒண்ணு சொல்லிக்கிறேன்.

கல்லூரிப் பிள்ளைங்களுக்கு விளையாட்டு பிடிக்காதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எங்களுக்குப் பிடிக்காதது வேற. பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறவன் ஒரு வினைச்சொல் சொல்லணும்பாங்க, முன்னாடி கூப்பிட்டு நடிக்கச் சொல்வாங்க, தப்பாச் சொன்னா "அவுட்" ஆகி உட்காரச் சொல்வாங்க. யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவங்கதான் முதல்ல அவுட் ஆகி மீதி நேரம் வேடிக்கை பார்க்கணும். இதுல என்ன லாஜிக்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

கஹூட்ல அந்தக் கவுன்ட்டவுன் இசை ஆரம்பிச்சாலே எனக்குப் பதற்றம் வந்திடும். பட்டியல்ல முதல் மூணு பேர் எப்பவும் அதே மூணு பேர்தான்.

எங்க வகுப்புல நல்லா வேலை செஞ்சது மாஃபியா. வேர்வுல்ஃப்னும் சொல்வாங்க. யார் யாருன்னு கார்டு சொல்லும்: ரெண்டு பேர் ரகசியக் கொலைகாரங்க, மத்தவங்க கிராமத்துக்காரங்க, பேசிப் பேசிக் கண்டுபிடிக்கணும். பேசாம இருந்தாலே "ஏன் அமைதியா இருக்கே?"ன்னு சந்தேகப்படுவாங்க, அதனால வாயைத் திறந்தே ஆகணும். ஆனா பேசுறது நான் இல்ல, நான் வச்சிருக்கிற கார்டு. தப்பா ஜெர்மன் பேசினாலும் என் மானம் போகலை, அந்தக் கிராமத்துக்காரிதான் உளறுறா. "ஏன்னா" வந்தா வினைச்சொல் கடைசிக்குப் போகணும்கிற விதி எனக்கு வாயில படிஞ்சது அங்கதான். "அவன்தான் கொலைகாரன், ஏன்னா..."ன்னு எத்தனை தடவை கத்தியிருப்பேன்!

---

நெடுங்கணக்கு

@மூன்றாம்வரிசை சொல்லும் பதற்றம் வெறும் கூச்சம் அல்ல. எலேன் ஹார்விட்ஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1986இல் அயல்மொழி வகுப்புப் பதற்றத்தை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலையே உருவாக்கினார்கள். அவர்கள் கவனித்ததும் பல்கலைக்கழக மாணவர்களைத்தான். தாய்மொழியில் புத்திசாலியாகப் பேசும் ஒரு வளர்ந்த ஆள், வேற்றுமொழியில் நாலு வயதுக் குழந்தை அளவுக்குத்தான் பேச முடிகிறது. அந்த இடைவெளியே அவமானமாக உறுத்துகிறது. குழந்தைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆகவே @காகிதக்கப்பல், உங்கள் மூத்த பேராசிரியர் கேட்டதைத் திருப்பிப் போட வேண்டும். ஒரு வேடத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும் தேவை பதினெட்டு வயதுக்குத்தான் அதிகம்.

இன்னொரு தகவல்: மாஃபியாவே ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதான். 1980களில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழக உளவியல் துறையில் திமித்ரி தவிதோவ் உருவாக்கியது.

---

இலக்கணப்புலி

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் எதிர்ப்பக்கம் நான் வருகிறேன். இருபது ஆண்டுக்கு மேலாக ஜெர்மன் கற்பிக்கிறேன், விளையாட்டுக்கு எதிரியும் அல்ல.

ஐம்பது நிமிடத்தில் விதியை விளக்கப் பத்து, குழு பிரித்து நாற்காலியை நகர்த்த ஐந்து, முடிந்தபின் அடங்க ஐந்து. மிச்சம் முப்பது. அதில் ஒரு மாணவன் வாய் திறக்கும் நேரம் எவ்வளவு? @பகடைக்காய் வர்ணித்த அலிபியில் இரண்டு பேர் விசாரிக்கப்படுகிறார்கள், ஐந்தாறு பேர் கேள்வி கேட்கிறார்கள், முப்பது பேர் பார்வையாளர்கள். அதே நேரத்தில் நான் வேற்றுமையுருபுப் பயிற்சி நடத்தினால் நாற்பது பேரும் எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது, ஆட்டம் சூடு பிடித்ததும் எல்லாரும் தாய்மொழிக்குத் தாவிவிடுவார்கள். மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஜெயிக்கும் வேகத்தில் யாரும் பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் டெர், டீ, தாஸைப் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் டீ போட்டாலும் எதிரிலிருப்பவனுக்குப் புரிந்துவிடுகிறது, ஆட்டமும் நகர்கிறது. தவறு தண்டிக்கப்படவே இல்லை. மேலே தங்கை ஒரு வினைச்சொல் விதி வாயில் படிந்ததாகச் சொல்கிறாள். கூடவே எத்தனை தவறுகள் படிந்தன என்று யார் கணக்கெடுத்தது?

---

மூன்றாம்வரிசை

சார், நீங்க சொல்றது நிஜம். என் அடைமொழி விகுதிகள் இன்னும் பரிதாபம்தான். 😅

---

பகடைக்காய்

@இலக்கணப்புலி ஐயா, மூன்றாவது கவலைதான் கனமானது, கடைசியில் வருகிறேன்.

நேரக் கணக்கு, ஒரே ஆட்டமாக முன்னால் நடத்தினால்தான் பொருந்தும். நாற்பது பேரை எட்டெட்டாகப் பிரித்து ஐந்து விசாரணைகளை ஒரே நேரத்தில் நடத்துங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சந்தேக நபர்கள், ஆறு போலீஸ். போலீசிலும் மூவர் ஒரு சந்தேக நபரை இந்த மூலையில், மூவர் இன்னொருவரை அந்த மூலையில் விசாரிப்பார்கள். பிறகு ஆறு பேரும் கூடிக் குறிப்பை ஒப்பிடுவார்கள். சும்மா இருப்பவர் யாரும் இல்லை. விதி விளக்கும் பத்து நிமிடம் முதல் தடவைக்குத்தான். அதனால்தான் வாரம் ஒரு புது ஆட்டம் என்று அலையக்கூடாது. ஒரு செமஸ்டருக்கு மூன்று ஆட்டம் போதும். அதே ஆட்டத்தைப் பாடத்துக்கேற்ப மாற்றி மாற்றி ஆடலாம்.

தாய்மொழிக்குத் தாவுவது பெரும்பாலும் சோம்பலால் அல்ல. "பொறு, என் முறை", "நீ பொய் சொல்கிறாய்", "அதைத் திரும்பச் சொல்", "ஒத்துக்கொள்கிறேன்" போன்ற சிறு வாக்கியங்கள் கையில் இல்லாததால்தான். ஆட்டத்துக்கு முன்னால் இவற்றில் பத்துப் பன்னிரண்டைப் பலகையில் எழுதி இரண்டு முறை உரக்கச் சொல்ல வைத்துவிட்டால் பாதி தாவல் நின்றுவிடும். சந்தேக நபர்கள் கதை ஜோடிக்கும் ஐந்து நிமிடமும் பிரெஞ்சிலேயே நடக்க வேண்டும். தாய்மொழியில் ஜோடித்தால் சினிமா எடுக்கிற அளவுக்குக் கதை வரும், அதைச் சொல்லப் பிரெஞ்சு போதாது, உள்ளே வந்து விழிப்பார்கள்.

இப்போது பிழைகள். ஆட்டத்தின் நடுவே நான் திருத்துவதே இல்லை. ஒரு தாளோடு சுற்றிக்கொண்டிருப்பேன். காதில் விழும் நல்ல வாக்கியம் இடப்பக்கம், கோளாறானது வலப்பக்கம், பெயர் எழுதுவதில்லை. கடைசிப் பத்து நிமிடம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எட்டு வாக்கியத்தைப் பலகையில் போடுவேன். நாலு சரி, நாலு தவறு, கலந்து. எவை சரி, எவை தவறு என்று ஜோடி ஜோடியாக முடிவு செய்ய வேண்டும். அவர்களே சற்றுமுன் பேசிய வாக்கியங்கள் என்பதால் பாடநூல் பயிற்சியில் இல்லாத அக்கறை அங்கே வரும். "இதுல துணைவினை எத்ர்தானே வரணும், அவுவார் போட்டிருக்கான்" என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பிறகு அதே ஆட்டம், ஆள் மாற்றி, இன்னொரு சிறு சுற்று.

இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டால் நீங்கள் சொல்வது அப்படியே நடக்கும். விளையாட்டு நடத்துகிறவர்களில் பாதிப் பேர் மணி அடிக்கும் வரை ஆட்டத்தை ஓடவிட்டுத் திருத்தாமல் அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அவர்கள் மேல்தான் கோபம்.

---

இலக்கணப்புலி

அந்தக் கடைசிச் சிறு சுற்று இருக்கிறதே, அதை ஏற்கிறேன். திருத்தியதைச் சுடச்சுடப் பயன்படுத்த வைப்பது சரி. ஆனால் அப்படிப் பார்த்தால் பாடம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது, ஆட்டம் அதற்கு மூலப்பொருள் சேகரிக்கும் வழி என்று ஆகிறதே?

---

பகடைக்காய்

ஆமாம் ஐயா. எனக்கு அதில் ஆட்சேபமே இல்லை. சரளம் மட்டும் ஆட்டத்தில்தான் வரும் என்பேன்.

---

நெடுங்கணக்கு

சரளத்துக்கு எளிய ஒன்று இருக்கிறது, நாலு-மூன்று-இரண்டு. மொழிக் கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் பரவலாக்கியது. ஒரே விஷயத்தை ஒரு துணையிடம் நாலு நிமிடம் பேச வேண்டும், அடுத்த துணையிடம் மூன்று நிமிடத்தில், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடத்தில். கேட்பவர் புதிது, சொல்பவருக்கு விஷயம் பழையது, கடிகாரம் ஓடுகிறது. தயக்கம் குறைவது காதிலேயே தெரியும். வெற்றி தோல்வி இல்லாததால் இதை விளையாட்டு என்று சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் மாணவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் எடுப்பது ஜப்பானியம். முற்றிலும் புதியவர்களிடம் போய் மாஃபியா நடத்த முடியாது. அவர்களுக்கு எழுத்துதான் முதல் மலை. அதற்கு ஜப்பானியர்களின் கரூத்தா சீட்டாட்டமே போதும். எழுத்துச் சீட்டுகளை மேசையில் பரப்பிவிட்டு நான் ஒலியைச் சொல்வேன், முதலில் கை வைத்தவருக்குச் சீட்டு. ஹிராகனா என்ற அடிப்படை எழுத்துவரிசையில் நு-வும் மே-யும் இரட்டைப் பிள்ளைகள். வா, நே, ரே மூன்றும் வால் சுருட்டலில் மட்டும் வேறுபடும். இந்த ஐந்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். தப்பான சீட்டில் கை வைத்தவர் அந்த வால் சுருட்டலைப் பிறகு மறப்பதில்லை. இதில் பேச்சு இல்லைதான். ஆனால் இதன் நோக்கமும் பேச்சு இல்லையே. @காகிதக்கப்பல், உங்கள் கஹூட்டையும் ஒரேயடியாகத் தூக்கிப் போட வேண்டாம். நினைவிலிருந்து தேடி எடுப்பதே நினைவைப் பலப்படுத்தும் என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் கல்லூரி மாணவர்களை வைத்தே காட்டினார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், வாசிப்பைக் குறைத்துத் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் முந்திவிட்டார்கள். நாலு விடை கொடுக்காமல், விடையை எழுதச் சொல்லும் வகைக் கேள்விகளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

---

ஜாய்ஸ்டிக்

வகுப்புக்கு வெளியே ஆடுறதைப் பத்தி யாரும் பேசலையே. நான் ஸ்பானிஷ் கத்துக்கிட்டது பாதி கேம்ல மொழியை மாத்தி வச்சுத்தான். கதை நிறைய இருக்கிற கேம்னா வாசிச்சே ஆகணும், இல்லைன்னா கதவு திறக்காது. சுட்டுத் தள்ளுற கேம்னா பத்து வருஷம் ஆடினாலும் "தோட்டா", "ஓடு" ரெண்டு வார்த்தைதான் மிஞ்சும்.

வகுப்புக்குன்னா "கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்" பாருங்க. 2015ல வந்தது. ஒருத்தர் திரையில வெடிகுண்டைப் பார்ப்பார், கையேடு தெரியாது. மத்தவங்க கையில கையேடு, குண்டு தெரியாது. பேச்சாலயே செயலிழக்கச் செய்யணும். கையேட்டுக்குப் பல மொழியில மொழிபெயர்ப்பு இருக்கு. ஒரே ஒரு கம்ப்யூட்டர் போதும். நிறம், எண், வரிசை, "மேலேயிருந்து மூணாவது கம்பியை வெட்டு"ன்னு கட்டளை வினை, எல்லாம் மூச்சு முட்ட வரும். ஆனா ஏ1 (தொடக்க நிலை) மாணவர்களைக் கொண்டுபோய் விடாதீங்க, பாவம்.

டுவோலிங்கோ மாதிரி மொழி கத்துத்தர்ற செயலிகள் பத்தி என் கருத்து: தினமும் தொடுறதுக்கு நல்லது. ஆனா கொஞ்ச நாள்ல மொழியை விட்டுட்டு, விடாம எத்தனை நாள் படிச்சோம்னு காட்டுற தொடர்ச்சி எண்ணைக் காப்பாத்துறதே வேலையாயிடும். நள்ளிரவுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி சுலபமான பாடத்தை மறுபடி முடிச்சு எண்ணைக் காப்பாத்துற ஆளுங்களை எனக்குத் தெரியும்.

---

காகிதக்கப்பல்

எல்லாருக்கும் நன்றி. அலிபியை இந்த வாரமே எடுக்கிறேன். ஒரு நடைமுறைச் சிக்கல்: விளையாட்டுக்கு மதிப்பெண் கொடுங்கள், இல்லாவிட்டால் பாட நேரத்தில் சேர்க்க முடியாது என்கிறார் துறைத்தலைவர். ஜெயித்த குழுவுக்கு ஐந்து மதிப்பெண் என்று வைக்கலாமா?

---

நெடுங்கணக்கு

ஜெயித்ததற்கு வேண்டவே வேண்டாம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973இல் செய்த ஆய்வு நினைவுக்கு வருகிறது. வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள குழந்தைகளிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டிச் சொன்னார்கள். பரிசு வாங்கியவர்கள் பிற்பாடு சும்மா இருக்கும் நேரத்தில் வரைவது குறைந்துபோயிற்று.

---

இலக்கணப்புலி

அவை நர்சரிக் குழந்தைகள். நமக்கு வருவது, "இது தேர்வுக்கு வருமா சார்?" என்று முதல் நாளே கேட்கும் கூட்டம். ஆசை இருந்தால்தானே பரிசு அதைக் கெடுக்கும்! மதிப்பெண் இல்லாத எதையும் இவர்கள் மூன்றாவது வாரத்துக்குமேல் மதிப்பதில்லை. ஆகவே கொடுங்கள், ஆனால் ஆட்டத்துக்கு அல்ல. அலிபி முடிந்ததும் ஒவ்வொரு போலீசும் விசாரணை அறிக்கை ஒரு பக்கம் எழுதட்டும். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எங்கே முரண்பாடு, ஏன் சந்தேகம். சந்தேக நபர்கள் தங்கள் வாக்குமூலத்தை எழுதட்டும். திருத்துவது அந்த ஒரு பக்கத்தை. ஆட்டத்தில் தோற்றவனும் முழு மதிப்பெண் வாங்கலாம். எழுத்தில் வந்துவிட்டால் அந்த வேற்றுமை, பால், விகுதி எல்லாவற்றையும் நானும் ஆசை தீரச் சிவப்பு மையால் கவனித்துக்கொள்ளலாம்.

---

பகடைக்காய்

விளையாட்டுக்கு எதிர்ப்பக்கமாக வந்தவர் கொடுத்த யோசனைதான் இந்த இழையிலேயே சிறந்தது. அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

---

நெடுங்கணக்கு

அறிக்கை என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. @காகிதக்கப்பல், நீங்கள் பிரெஞ்சு என்பதால் இது உங்கள் வீட்டுச் சொத்து. பிரான்சில் 1970களிலிருந்தே சிமுலாசியோன் குளோபால் என்ற முறை இருக்கிறது, ஃபிரான்சிஸ் தெபீஸே முன்னின்று வளர்த்தது. வகுப்பே சேர்ந்து ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கற்பனை செய்யும். ஒவ்வொரு மாணவரும் அதில் ஒரு குடித்தனக்காரர். பெயர், வயது, வேலை, எந்த மாடி என்று அவரே தீர்மானிப்பார். பிறகு மாதக்கணக்கில் அந்த வேடத்திலேயே அறிவிப்புப் பலகைக்குக் குறிப்பு எழுதுவது, மேல்வீட்டுச் சத்தம் பற்றிப் புகார்க் கடிதம், குடியிருப்போர் கூட்டத்தில் சண்டை. முதல் வாரம் ஏ1 அளவில் அறிமுகம், செமஸ்டர் கடைசியில் கட்டடத்தில் ஒரு குற்றம். உங்கள் அலிபியை அங்கே கொண்டுபோய் வைத்தால் சந்தேக நபர்கள் முன்பே அறிமுகமானவர்களாக இருப்பார்கள். மூன்றாம் மாடி ஓய்வுபெற்ற இசைக்கலைஞரை எல்லாருக்கும் முன்பே பிடிக்காது என்றால் விசாரணை எப்படிப் போகும், யோசித்துப் பாருங்கள்.

---

மூன்றாம்வரிசை

இதுக்காகவே பிரெஞ்சுலயும் சேரலாம் போலிருக்கு.

---

காகிதக்கப்பல்

குடியிருப்பை அடுத்த செமஸ்டருக்கு வைத்துக்கொள்கிறேன், இப்போதைக்கு அலிபியும் அறிக்கையும். கடைசியாக ஒரு கேள்வி: ஐந்து விசாரணை ஒரே அறையில் நடந்தால் சத்தம்?

---

பகடைக்காய்

இருக்கும். சந்தேக நபர்களில் ஒரு பாதியைத் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிட்டால் கொஞ்சம் குறையும். கதவைத் திறந்தே வைத்து நீங்கள் வாசலில் நின்றால் இரண்டு பக்கமும் காது கேட்கும், தாளில் குறிப்பெடுக்கவும் வசதி. பக்கத்து வகுப்பில் பாடம் எடுப்பவரிடம் மட்டும் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அது அந்த மூத்த பேராசிரியராக இருந்தால், விசாரணைக்கு நீதிபதியாக வரமுடியுமா என்று கேட்டுவிடுங்கள்.